சாவி யாரிடம் இருக்கிறது? – உலகளாவிய அவசர மருத்துவ ஃபெலோஷிப்பில் இரண்டு வருடங்கள்

இரவு இரண்டு மணி இருக்கும். நான்கு வயதுக் குழந்தை, கடுமையான மலேரியா, வலிப்பு அடங்கி இப்போது மூச்சும் அடங்கிக்கொண்டிருக்கிறது. ஆம்பு பேக், அதாவது கையால் அமுக்கி மூச்சு ஊட்டும் பை, எங்கே என்று கேட்டேன். "இருக்கு டாக்டர், அந்த அலமாரியிலதான்" என்றார் டியூட்டி நர்ஸ். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரி. உள்ளே பை தெரிகிறது, குழந்தைக்கான சின்ன மாஸ்க் கவர்கூடப் பிரிக்காமல் தெரிகிறது, கதவில் பூட்டும் தெரிகிறது. சாவி இன்சார்ஜ் சிஸ்டரிடம். அவர் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஒருவர் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடி அங்கிருந்து ஒன்றை வாங்கி வருவதற்குள் ஆறேழு நிமிடம் ஆகிவிட்டது. அதுவரை நான் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் வாயால் ஊதும்போது நடுவில் வைக்கும் என் சொந்த பாக்கெட் மாஸ்க் நான் தங்கியிருந்த அறையில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. விடிவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பை உடனே கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமா, தெரியாது. மூளைவரை போய்விட்ட மலேரியா அது. ஆனால் கண்ணாடியை உடைக்கலாம் என்று அந்த அறையில் இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இது நடந்தது என் ஃபெலோஷிப்பின் முதல் பயணத்தில், மூன்றாவது வாரம், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்ட மருத்துவமனையில். உலகளாவிய அவசர மருத்துவத்தில் ஃபெலோஷிப் செய்யலாமா, உருப்படியா, வேலை கிடைக்குமா என்று இளைய டாக்டர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்தில் நான் புதிதாகக் கற்ற மருத்துவம் கொஞ்சம்தான். பொருள் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கப் பழகினேன், அதுதான் அதிகம்.

முதலில் இது என்ன படிப்பு என்று சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஃபெலோஷிப்புகள் அதிகம் இருப்பது அமெரிக்காவில். அவசர மருத்துவத்தில் ரெசிடென்சி, அதாவது எம்பிபிஎஸ் மாதிரி அடிப்படைப் படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி, முடித்தவர்களுக்கு ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். இரண்டு வருடம் என்றால் பெரும்பாலும் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டமும் கூடவே வரும். ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இ இதை அங்கீகரிப்பதில்லை, முடிவில் போர்டு தேர்வும் கிடையாது. இதில் ஒரு சௌகரியம், ஒரு ஆபத்து. சௌகரியம் என்னவென்றால் உங்களுக்குத் தேவையானதைச் சுற்றிப் படிப்பை வளைத்துக்கொள்ளலாம். ஆபத்து என்னவென்றால் ஃபெலோ என்ற ஒரே பெயரில் ஒரு இடத்தில் ஆய்வாளராக இருப்பீர்கள், இன்னொரு இடத்தில் பயிற்சியாளராக, வேறொரு இடத்தில் குறைந்த சம்பளத்துக்கு இரவு ஷிஃப்ட் பார்க்கக் கிடைத்த ஆளாக.

துறையே இளசு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலகின் முதல் அவசர மருத்துவ ரெசிடென்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 1970-இல். கானாவில் குமாசி நகர மருத்துவமனையில் 2009, எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவில் 2010, ருவாண்டாவில் 2013. இன்னும் எத்தனையோ இடங்களில் கேஷுவால்டியை நடத்துவது சிறப்பு மருத்துவர் இல்லை. மருத்துவப் படிப்பு முடித்து நேராக வந்த இளைஞரோ, மூன்று நான்கு வருடம் படித்த கிளினிக்கல் ஆபீசரோ, நர்ஸோதான். நீங்கள் போய் வேலை செய்யப்போவது அவர்களுக்குக் கீழே. இதை யாரும் எனக்கு முன்னாலேயே இப்படி நேராகச் சொல்லவில்லை.

நான் கொண்டுபோன திட்டம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கையடக்க புரோப், டேப்லெட், எட்டு வாரப் பாடத்திட்டம், முன்-தேர்வு, பின்-தேர்வு எல்லாம் தயார். தவறான திட்டம் இல்லை, எக்ஸ்ரே அறை மாலை ஐந்துக்கு மூடிவிடும் இடத்தில் நெஞ்சில் நீர் இருக்கிறதா, வயிற்றில் ரத்தமா என்று படுக்கையருகில் பார்க்க முடிவது பெரிய விஷயம். ஆனால் அதை யார் கேட்டார்கள்? நான்தான் கேட்டேன், எனக்கு ரெசிடென்சியில் ஸ்கேன் பிடிக்கும் என்பதால். முதல் வாரம் கேஷுவால்டி ஆட்களைக் கூட்டி உங்களுக்கு எது பெரிய தலைவலி என்று கேட்டபோது ஒருவர்கூட ஸ்கேன் என்று சொல்லவில்லை. ஆக்ஸிஜன், ரத்தம், இரவில் லேப் ஆள் வராதது, நோயாளியை மேல்மருத்துவமனைக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்கு டீசல், இப்படித்தான் வந்தது. நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் ஸ்கேன் வகுப்பைத் தொடங்கினேன். அந்த அளவுக்கு இருந்தது என் புத்தி.

ஆக்ஸிஜன் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் ஏமாறாதவர் இல்லை. அங்கே காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின்கள் நான்கு இருந்தன, வேலை செய்தது ஒன்று. மற்ற மூன்றும் பழுது என்று ஸ்டோரில். மருத்துவமனை டெக்னீஷியனோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது இரண்டில் தூசி அடைத்த ஃபில்டர், அவ்வளவுதான். மூன்றாவது மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் போர்டு போயிருந்தது. நன்கொடையாகக் கொடுத்தவர்கள் ஸ்டெபிலைசர் கொடுக்கவில்லை. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் ஒரு மெஷினை ஃப்ளோ ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்தால் மூக்குக் குழாய் போட்ட இரண்டு மூன்று சின்னக் குழந்தைகளுக்குப் போதும். இதைச் சொல்லிக்கொடுத்தது டாக்டர் யாரும் இல்லை, அந்த டெக்னீஷியன்தான். நீங்கள் போகும் இடத்தில் முதல் வாரமே அவரைத் தேடிப் போய்ப் பழகிக்கொள்ளுங்கள். கண்காணிப்பாளர் அறையில் உட்காருவதைவிட அவர் பட்டறையில் உட்காருவது பயன் தரும்.

சரி, மருத்துவத்தில் நான் வாங்கிய அடிக்கு வருகிறேன். இருபத்தெட்டு வயதுப் பெண், எச்ஐவி இருக்கிறது, மருந்தை இடையில் நிறுத்திவிட்டார், ஐந்து நாள் காய்ச்சல், பிபி எழுபது. எனக்கு ரெசிடென்சியில் ஊறிப்போன வழக்கம் கிலோவுக்கு 30 மில்லி சலைனை வேகமாக ஏற்றுவது. இரண்டு பக்கமும் ஊசி போடுங்கள், இரண்டு லிட்டர் ஓடட்டும் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தேன். அங்கே பதினைந்து வருடமாக இருக்கும் கிளினிக்கல் ஆபீசர் நகரவில்லை. அந்தப் பெண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்து எனக்குக் காட்டினார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. "ஹீமோகுளோபின் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமா டாக்டர்? அப்புறம் மூச்சு வாங்கினா நம்மகிட்ட வென்டிலேட்டர் கிடையாது" என்றார். நாலு கிராம்தான் இருந்தது. ரத்தம் ஏற்பாடு செய்து, சலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துக் கொடுத்தோம். பிழைத்தார்.

வெட்கமான விஷயம், இதற்கான ஆதாரங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. 2011-இல் கென்யா, உகாண்டா, டான்சானியாவில் 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஃபீஸ்ட் ஆய்வு: கடும் தொற்றோடு வந்த குழந்தைகளில் வேகமாக திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் பத்தரை சதவீதம் சொச்சம், வேகமாக ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். 2017-இல் ஜாம்பியாவின் லுசாகாவில் பெரியவர்களுக்கு, பெரும்பாலும் எச்ஐவி உள்ளவர்களுக்கு, பணக்கார நாடுகளில் செய்வதுபோல் செப்சிஸ் (தொற்று உடம்பு முழுக்கப் பாதிக்கும் நிலை) சிகிச்சை முறையை வைத்துப் பார்த்தார்கள். அந்த முறைப்படி சிகிச்சை பெற்றவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 48.1 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 33 சதவீதம். இரண்டையும் நான் ஜர்னல் கிளப்பில் ஸ்லைடு போட்டுப் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்த இரவில் கை பழைய இடத்துக்கே போனது. அதனால் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: உங்கள் கை தானாகச் செய்யும் பத்து காரியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இதற்குப் பின்னால் ஐசியு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறேனா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் பட்டியலில் ஆறு அப்படித்தான் இருந்தது.

இன்னொரு சின்ன சங்கதி. விபத்தில் ரத்தம் போகிறவர்களுக்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் கிடைப்பதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் சேர்த்து 2010-இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வுக்குப் பிறகு இந்த மருந்தைப் பற்றிப் பெரிய விவாதம் இல்லை, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும், அதைத் தாண்டினால் கெடுதலாகக்கூட முடியலாம். வெளியிலிருந்து வரவழைக்கலாமா என்று மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பிரசவ வார்டுக்கு வேறு வேலையாகப் போனால் அலமாரியில் நாற்பது ஆம்பூல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்காக. கேஷுவால்டியிலிருந்து நடந்தால் எண்பது அடி. ஸ்டோரிலிருந்து மருந்து கேட்டு எழுதும் இண்டென்ட் புத்தகத்தில் கேஷுவால்டி பெயரில் அந்த மருந்துக்கு ஒரு வரி இல்லை, அதுதான் விஷயம். மருந்தாளுநர் ஒரு கோடு போட்டு எழுதினார். முடிந்தது. மெயிலை அழித்தேன்.

அலமாரிக்குத் திரும்புவோம். குழந்தை இறந்த மறுநாள் காலை நான் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொஞ்சம் சூடாகவே போனேன், உயிர்காக்கும் சாதனத்தை எப்படிப் பூட்டி வைக்கலாம் என்று. அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். உட்காருங்கள் என்றார். "போன வருஷம் ஒரு பிபி மெஷின் காணாமப் போச்சு டாக்டர். யார் சம்பளத்துல பிடிச்சாங்க தெரியுமா?" நான் பேசாமல் இருந்தேன். "என் சம்பளத்துல. மூணு மாசம்." அப்புறம் அவரே சொன்னார், நேற்றிரவு தான் தூங்கவில்லை என்று.

பூட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று புரிந்த பிறகுதான் பூட்டை எடுக்க வழி கிடைத்தது. சாவியை இரவு டியூட்டி ஆளிடம் கொடுங்கள் என்று உத்தரவு போட்டிருந்தால் பயம் அவருக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். நாங்கள் செய்தது மூன்று. ஒன்று, பூட்டுக்குப் பதிலாக நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல், கையால் இழுத்தால் அறுந்துவிடும். இரண்டு, ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேர் சேர்ந்து சீல் நம்பரை ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. சீல் அறுந்திருந்தால் மட்டும் உள்ளே எண்ணிப் பார்ப்பது. மூன்றாவதுதான் முக்கியம், அவசரத்தில் பயன்படுத்தித் தொலைந்த பொருளுக்கு எந்த நர்ஸின் சம்பளத்திலும் பிடித்தம் இல்லை என்று கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட ஒரு தாள், அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டது. அந்தத் தாளுக்கு ஏழு வாரம் ஆனது. நான் ஊர் திரும்பிய பிறகுதான் கையெழுத்தே ஆனது, இன்சார்ஜ் சிஸ்டர் விடாமல் நடந்து வாங்கினார். என் ஃபெலோஷிப் அறிக்கையில் இதை எங்கே போடுவது என்று தெரியாமல் "இதர பணிகள்" என்ற தலைப்பில் போட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ட்ரையாஜ், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று வாசலிலேயே தரம் பிரிப்பது, அந்தக் கதையும் இதே ஜாதிதான். தென்னாப்பிரிக்காவில் உருவான நான்கு வண்ண முறை நல்லது, ஆனால் ஒவ்வொருவருக்கும் நாடி, மூச்சு, பிபி, காய்ச்சல் என்று எண் போட்டுக் கூட்ட வேண்டும். ஒரே ஒரு தெர்மாமீட்டர் இருக்கும் வாசலில் அது நிற்காது என்று அங்குள்ளவர்களே சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம், செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மூன்றும் சேர்ந்து செய்த சிவப்பு-மஞ்சள்-பச்சை முறை ஒன்று இருக்கிறது. கண்ணால் பார்த்தே சிவப்பைப் பிடிக்கலாம், அதை எடுத்தோம். வண்ணம் கற்பிக்க இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. மாட்டிக்கொண்டது எங்கே என்றால், சிவப்பு என்று அட்டை கொடுத்த நோயாளியும் முதலில் சீட்டுக் கவுன்ட்டரில் வரிசையில் நின்று பதிந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கணக்கு அலுவலர் ஒத்துக்கொண்டால்தான் இது மாறும். அவரோடு எத்தனை கூட்டம்! சிவப்பு அட்டை உள்ளே வரட்டும், கூட வந்தவர் பின்னால் பதியட்டும், கூட வந்தவர் யாருமே இல்லையென்றால் தினமும் ஒரு தனிப் பட்டியல் என்று முடிவாக நான்கு மாதம். பொதுச் சுகாதாரப் படிப்பில் பட்ஜெட், ஹெல்த் ஃபைனான்ஸ் வகுப்புகளில் தூங்கி வழிந்ததற்கு வருத்தப்பட்டது அப்போதுதான். அந்த வகுப்புகளில் விழித்திருங்கள், எபிடெமியாலஜியைவிட அது உங்களுக்கு உதவும்.

இரண்டாவது பயணத்தில் ஒரு லாரி கவிழ்ந்து பதினான்கு பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள். வாசலில் நின்றது அதே இன்சார்ஜ் சிஸ்டர். வண்ண அட்டைகள் தீர்ந்துவிட்டன. அவர் தயங்கவே இல்லை, மைக்ரோபோர் பிளாஸ்டரை மூன்று அங்குலம் கிழித்து நெற்றியில் ஒட்டி அதில் பேனாவால் ஓர் எழுத்து, நேரம், அவ்வளவுதான், அடுத்த ஆள். சத்தம் போட்டு அழுத ஒரு வாலிபனைத் தாண்டிப் போய், சுவரோரம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்த வயதானவரின் நெற்றியில் சிவப்புக்கான எழுத்தை எழுதினார். அந்தப் பெரியவருக்கு நெஞ்சுக்கூட்டில் ரத்தமும் காற்றும். அன்று நான் செய்த உருப்படியான வேலை அவருக்கு நெஞ்சில் குழாய் போட்டது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர்களே செய்தார்கள். ஸ்கேன் புரோப்பும் அன்று பயன்பட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும், வயிற்றில் ரத்தம் இருந்த இருவரைத் தியேட்டருக்கு முதலில் அனுப்ப முடிந்தது.

பயிற்சி வகுப்புகள் பற்றி. புதிதாகப் பாடத்திட்டம் எழுதாதீர்கள், தயவுசெய்து. 2018-இல் வெளிவந்த பேசிக் எமர்ஜென்சி கேர் என்ற ஐந்து நாள் பாடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைக் குழுவும் சர்வதேச அவசர மருத்துவக் கூட்டமைப்பும் சேர்ந்து செய்தது. மூச்சுவழி, சுவாசம், ரத்தஓட்டம் என்ற வரிசையில் தொடங்கி காயம், மூச்சுத்திணறல், ஷாக் (ரத்தஓட்டம் போதாமல் போவது), நினைவு தப்புதல் என்று நான்கு நிலைமைகள். சாதாரண மாவட்ட மருத்துவமனையில் கிடைக்கும் பொருட்களை வைத்து எழுதப்பட்டது. ஃபெலோவாக உங்கள் வேலை அதை நீங்களே நின்று நடத்துவது இல்லை, முதல் தடவை படித்தவர்களில் நான்கு பேரை அடுத்த தடவை நடத்த வைப்பது. நான் முதல் தொகுப்பை நானே நடத்தினேன், நன்றாகப் பேசினேன், கைதட்டினார்கள், அந்தக் கைதட்டலில் மயங்கி இரண்டாவதையும் நானே நடத்தினேன். மூன்றாவதில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன், அங்குள்ள இரண்டு நர்ஸ்கள் அவர்கள் மொழியிலேயே நடத்தினார்கள். பின்-தேர்வில் அந்தத் தொகுப்புதான் அதிக மதிப்பெண். இது ஆய்வு முடிவு ஒன்றும் இல்லை, பன்னிரண்டு பேர்தான். ஆனால் எனக்குப் போதுமான பதில்.

ஆய்வு செய்யாமல் இந்த ஃபெலோஷிப் முடியாது. இங்கே தொலைகிற நேரத்துக்கு அளவில்லை, அதனால் முதல் மாதமே தொடங்குங்கள். எத்திக்ஸ் அனுமதி உங்கள் பல்கலைக்கழகத்தில் மட்டும் வாங்கினால் போதாது, அந்த நாட்டிலும் வேண்டும், சில இடங்களில் அமைச்சக அனுமதி தனி. எனக்கு இரண்டும் கிடைக்க ஒன்பது மாதம் ஆயிற்று, இருபத்துநான்கில் ஒன்பது. இன்னொன்று, கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே பேசிவிடுங்கள். ரெஜிஸ்டரில் இரவெல்லாம் எழுதுகிற ஆள் நன்றியுரையில் ஒரு வரியாக முடிந்துபோவது இந்தத் துறையில் நெடுநாள் வியாதி. நான் நேரில் பார்த்த ஒரு திட்டத்தில், பெயர் வேண்டாம், மூன்று வருடத் தரவு முழுக்க வெளிநாட்டு லேப்டாப்பில் இருந்தது, மருத்துவமனையிடம் ஒரு நகல்கூட இல்லை. அவர்கள் கேட்டால் அனுப்புகிறோம் என்றார்கள். கேட்கிற நிலையில் ஏன் வைத்தீர்கள் என்பதற்கு பதில் இல்லை.

பேரிடர் மோகத்தோடு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. டிவியில் நிலநடுக்கம் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. 2010 ஜனவரி 12-இல் ஹைட்டியில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் குழுக்கள் குவிந்தன. அதில் பல குழுக்களிடம் தகுதியும் இல்லை, தங்களுக்கான தண்ணீரும் சாப்பாடும்கூட இல்லை. அந்தக் குழப்பத்தின் விளைவாகத்தான் 2013-இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குத் தரம் பிரித்து விதி வகுத்தார்கள். நிலையான முதல் வகைக் குழு என்றால் நாளொன்றுக்கு நூறு வெளிநோயாளிகளைப் பார்க்க முடிய வேண்டும், இரண்டாவது வகை என்றால் குறைந்தது இருபது படுக்கையும் நாளொன்றுக்கு ஏழு பெரிய அறுவை சிகிச்சையும். அப்படி ஏற்கெனவே பதிவான ஒரு குழுவில் சேர்ந்து, பயிற்சி எடுத்து, கூப்பிட்டால் போங்கள். தனியாகப் போகிற டாக்டர் அங்கே இன்னொரு வாய், இன்னொரு படுக்கை, அவ்வளவே.

இனி இடம் தேர்வு. விண்ணப்பிக்கும்போது நான் வெப்சைட்டில் வரைபடத்தைப் பார்த்தேன், பத்து நாட்டில் புள்ளி இருந்தால் நல்ல புரோகிராம் என்று நினைத்தேன். தலைகீழ். இரண்டு இடத்தில் பத்து வருடமாக இருக்கிறார்களா என்று பாருங்கள். முன்னாள் ஃபெலோக்கள் மூன்று பேரிடமாவது நேரடியாகப் பேசுங்கள், அவர்கள் செய்த திட்டம் இன்று நடக்கிறதா என்று கேளுங்கள், தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனையில் ஷிஃப்ட், வெளிநாட்டில் இருக்கும் வாரங்களுக்கு அந்த ஷிஃப்ட்களை முன்பின்னாக ஈடுகட்ட வேண்டுமா, இதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பயணத்துக்குக் கிளம்பும் முன் ஐந்து வாரம் தொடர்ந்து இரவும் பகலும் பார்த்துவிட்டு, பாதி உயிரோடு விமானம் ஏறியிருக்கிறேன். படிப்புக் கட்டணம் யார், விமான டிக்கெட் யார், உங்களுக்கு உடம்பு மோசமானால் அங்கிருந்து வெளியே கொண்டுபோவதற்கான காப்பீடு யார், அந்த நாட்டில் தற்காலிக மருத்துவ உரிமம் யார் வாங்கித் தருவார்கள், உங்களுக்கு விசா பிரச்சினை இருந்தால் இடையில் வெளியே போய்த் திரும்பி வர முடியுமா, கடைசிக் கேள்வி நம் ஆட்களுக்கு ரொம்ப முக்கியம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்குள்ள மருத்துவமனையில் உங்களுக்குப் பொறுப்பான உள்ளூர் மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா, அவருக்கு இந்த வேலைக்காக நேரமோ சம்பளமோ ஒதுக்கியிருக்கிறார்களா. இல்லையென்றால் அவர் உங்களைத் தன் வேலைக்கு மேல் வேலையாகச் சுமக்கிறார் என்று அர்த்தம்.

முடித்த பிறகு வேலை? கிடைக்கும், ஆனால் உலகளாவிய மருத்துவர் என்று யாரும் சம்பளம் தர மாட்டார்கள். பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே மீதி நேரத்தை இதற்கு வைத்துக்கொள்கிறார்கள், சிலர் உலக சுகாதார நிறுவனம் மாதிரி இடங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் போகிறார்கள். வீட்டில் இருப்பவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுச் சேருங்கள். திரும்பி வந்த முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அதையும் சொல்லி வையுங்கள். மூக்கடைப்புக்கு ஆம்புலன்ஸில் வந்த ஒருவர்மேல் எனக்கு வந்த கோபம் அவருக்குச் சம்பந்தமே இல்லாதது. அந்தக் குழந்தையைப் பற்றி நான் வாய் திறந்து பேச எட்டு மாதம் ஆயிற்று. அதற்கு முன்பே பேசியிருக்கலாம், புரோகிராமில் அதற்கென்று ஒருவர் இருந்தார்.

உடம்புக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆனால் 2016 முதல் ஆயுசுக்கும் ஒன்றே போதும். மலேரியா மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள், நான் நிறுத்தித்தான் அந்த மூன்றாவது வகுப்பில் படுத்தேன். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள்மேல் குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்தை நீங்களே வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள், வார்டு ஸ்டாக்கில் கை வைக்காதீர்கள். பாக்கெட் மாஸ்க்கைப் பெட்டியில் வைக்காமல் பாக்கெட்டில் வையுங்கள். தலையில் மாட்டும் டார்ச் இரண்டு.

அப்புறம் பேட்டரி. போன மாதம் இன்சார்ஜ் சிஸ்டரிடமிருந்து மெசேஜ் வந்தது. அவர் இப்போது பேசிக் எமர்ஜென்சி கேர் பயிற்சியாளர், பக்கத்து மாவட்டத்துக்கும் போய் நடத்துகிறார். அலமாரி நன்றாக இருக்கிறது, சீல் தீர்ந்து இப்போது காய வார்டில் மிஞ்சும் நூலைக் கட்டி முடிச்சுப் போடுகிறோம், அதுவே போதும் என்று எழுதியிருந்தார். ஸ்கேன் புரோப்பின் வயர் அறுந்துவிட்டது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கள் மூன்றும் ஓடுகின்றன, ஆனால் சின்ன பேட்டரி அங்கே கிடைப்பது இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது, அடுத்து வருகிற ஃபெலோவிடம் நல்லதாக நாலு டஜன் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். ரீசார்ஜ் செய்யும் வகையும் சார்ஜரும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.